பிறேக் அடித்தால் ஒரு பக்கம் இழுக்கிற மொறிஸ் மைனர்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் 1958ஆம் ஆண்டுக் கார். 948 சிசி இயந்திரம், நான்கு சில்லுக்கும் 7 அங்குல ட்ரம் பிறேக். போன மாரி முடிந்து கொட்டிலை விட்டு வெளியே எடுத்தபோது, பிறேக்கை மிதித்தால் கார் இடப்பக்கம் இழுத்தது. இடப்பக்கம் இழுக்கிறதென்றால் கோளாறு இடப்பக்கம்தானே என்று இடது முன்சில்லைக் கழற்றினேன். ட்ரம்முக்குள் விரிந்து அதைப் பிடிக்கிற சூவை உரஞ்சினேன், ட்ரம்மைத் துடைத்தேன், பூட்டி ஓடிப் பார்த்தேன், திரும்பவும் கழற்றினேன். இரண்டு சனி ஞாயிறு இப்படியே போனது. மூன்றாம் கிழமை வந்த வயதான பாஸ் (கார் திருத்துகிறவர்) ஒருவர் காரைச் சுற்றிக்கூட வரவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "தம்பி, இழுக்கிற சில்லு தன்ர வேலையைச் செய்யுது. வேலை செய்யாத சில்லைக் கழட்டிப் பாரும்" என்றார்.

கழற்றினேன். வலது முன்சில்லில், ஒயில் அழுத்தத்தால் சூவைத் தள்ளுகிற இரண்டு சிலிண்டர்களில் ஒன்று துரு ஏறி இறுகிப்போய்க் கிடந்தது.

பிறேக் இழுவையில் முதலில் மனதில் பதிய வேண்டியது இதுதான். கூடுதலாகப் பிடிக்கிற சில்லின் பக்கம் கார் திரும்பும். அநேகமான வேளைகளில் அந்தச் சில்லு கூடுதலாகப் பிடிப்பதில்லை, மற்றச் சில்லு குறைவாகப் பிடிக்கிறது. இதற்கு விலக்குகள் உண்டு, கீழே வரும். ஆனால் முதல் ஸ்பானரை எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்டால், கார் இழுக்காத பக்கம்.

மைனருக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் அதிகம். அதற்குக் காரணம் முன் பிறேக்கின் அமைப்பு. ஒவ்வொரு முன்சில்லுக்குள்ளும் இரண்டு சூ, இரண்டு வீல் சிலிண்டர். கார் முன்னோக்கி ஓடும்போது இரண்டு சூவும் ட்ரம் சுற்றுகிற திசையிலேயே தள்ளப்படும். சுற்றுகிற ட்ரம் சூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். காலால் கொடுக்கும் பலத்தைச் சில்லே பெருக்கித் தருகிறது. வக்கியூம் உதவி ஏதும் இல்லாத காரைப் பெண்களும் வயதானவர்களும் சிரமமில்லாமல் நிறுத்தியது இந்த ஏற்பாட்டால்தான். ஆனால் பலம் பெருகுகிற இடத்தில் குறையும் பெருகும். ஒரு பக்கச் சூவில் சிறு வித்தியாசம் இருந்தாலும் ஸ்ரியறிங்கில் அது பெரிதாகத் தெரியும்.

(பின்னோக்கிப் போகும்போது இதே சூக்கள் எதிர்மாறாக வேலை செய்யும், பலம் பெருகாது. ஏற்றத்தில் பின்னுக்குப் போய் பிறேக் மிதித்தால் கார் உடனே நிற்கவில்லையே என்று பயப்பட வேண்டாம். அது கோளாறு அல்ல, குணம்.)

சில்லைக் கழற்ற முன்

முதலில் ரயர்க் காற்று. பழைய கையேட்டில் முன்சில்லுக்கு 22 பி.எஸ்.ஐ. என்று இருக்கும். இன்றைய றேடியல் ரயர் போட்டிருந்தால் அதைவிடக் கூட வைப்பார்கள். எவ்வளவு வைத்தாலும் இடமும் வலமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு முன் ரயரும் ஒரே வகையா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் றேடியல், மறுபக்கம் பழைய குறொஸ்பிளை போட்டு ஓடுகிற கார்களைக் கண்டிருக்கிறேன். அந்தக் காருக்கு பிறேக் வேலை செய்வது வீண் வேலை.

அடுத்தது றோட்டு. நாங்கள் இடப்பக்கம் ஓடுகிறவர்கள். மழைநீர் வழிய வீதியின் ஓரம் சரிந்திருக்கும், அதனால் கார் இயல்பாகவே இடப்பக்கம் சாயும். ஆள் நடமாட்டம் இல்லாத சமதரையில், தார் போட்ட பெரிய வளவு கிடைத்தால் அங்கே, மணிக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல் போகாமல் சோதியுங்கள். யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலம் நேராகவும் மட்டமாகவும் இருக்கிறதே என்று அங்கே போய்விடாதீர்கள். இரண்டு பக்கமும் கடல்.

பிறேக் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். மைனரை முதன்முதல் வாங்குகிறவர்கள் பொனற்றைத் திறந்து ஒயில் போத்தலைத் தேடுவார்கள், அங்கே இருக்காது. பெடல் மிதியை ஒயில் அழுத்தமாக மாற்றுகிற மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே, சட்டத்துக்குள் இருக்கிறது. கம்பளத்தை விலக்கினால் மூடி தெரியும். திறக்க முன் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள், ஒரு துகள் உள்ளே விழுந்தாலும் றப்பர் சீலை வெட்டும். மட்டம் குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு விட்டுவிடாதீர்கள். குறைந்த ஒயில் எங்கேயோ போயிருக்கிறது, பெரும்பாலும் நீங்கள் தேடுகிற சில்லுக்குள்தான்.

இன்னொன்று, இந்தக் காருக்கு ஒரே ஒரு பிறேக் இணைப்புத்தான். ஒயில் போகிற றப்பர் ஹோஸ் ஒன்று வெடித்தால் நான்கு சில்லும் போய்விடும். அதனால் சோதனை ஓட்டத்துக்கு முன் ஹான்ட் பிறேக் நன்றாகப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சில்லு குறைவாகப் பிடிக்கிறது என்பதை அறியக் காரைக் கழற்றவே தேவையில்லை. வளவில் ஐந்தாறு தரம் ஓடி நிறுத்துங்கள். இறங்கியவுடன் ஒவ்வொரு ட்ரம்முக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். இரண்டு முன் ட்ரம்மும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று குளிர்ந்திருந்தால் அதுதான் சோம்பேறி. எங்கள் காரில் வலது முன் ட்ரம் வெயிலில் நின்ற அளவுக்குத்தான் சுட்டது. இதை முதல் நாளே செய்திருந்தால் இரண்டு கிழமை மிஞ்சியிருக்கும்.

பிறேக் மிதிக்காமலே இழுக்கிறது

கையை விட்டால் கார் எப்போதும் ஒரு பக்கம் போகிறது, பிறேக் அடித்தால் கொஞ்சம் கூடுகிறது என்றால், பெரும்பாலும் ரயர், அலைன்மென்ட், அல்லது ஒரு சில்லு விடாமல் உரஞ்சிக்கொண்டிருப்பது. முன் ரயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் பாருங்கள். இழுவையும் பக்கம் மாறினால் ரயர். மாறாவிட்டால் முன்பக்கத்தை ஜக்கில் ஏற்றி, கட்டைகளில் நிறுத்தி, சில்லைக் கையால் சுற்றுங்கள். இரண்டும் ஒரே இலகுவோடு சுற்ற வேண்டும். ஒன்று இறுக்கமாக இருந்தால் "மிதித்ததை விட்ட பிறகும் இழுக்கிறது" என்ற பகுதிக்குப் போங்கள்.

முதல் மிதியில் இழுக்கிறது, இரண்டாம் மிதியில் நேராக நிற்கிறது

இதுதான் எல்லாவற்றிலும் சுகமான கோளாறு. ஒரு பக்கச் சூ ட்ரம்முக்கு அருகில், மறுபக்கச் சூ தூரத்தில். முதல் மிதியில் அருகில் உள்ளது முந்திக்கொள்கிறது. இரண்டாம் மிதியில் தூரத்தில் உள்ளதும் வந்து சேர்ந்துவிடுகிறது. சூவை ட்யூன் பண்ணினால் போதும்.

சில்லைக் கழற்றினால் ட்ரம் முகத்தில் ஒரு துளை தெரியும். ட்ரம்மைச் சுற்றி, துளைக்குள் ஸ்குறூ தலை தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். முன்சில்லுக்கு இப்படி இரண்டு ஸ்குறூ இருக்கும், ஒன்றுக்கு நேரெதிரே மற்றது. பின்சில்லுக்கு ஒன்றுதான். மணிக்கூட்டுத் திசையில் திருகினால் சூ வெளியே வரும். ட்ரம் சுற்றாமல் இறுகும்வரை திருகி, பிறகு ஒரு "டிக்" பின்னுக்கு விடுங்கள். அதே ட்ரம்மில் மற்ற ஸ்குறூவுக்கும் அப்படியே. இரண்டும் முடிந்ததும் ஒருவரை ஏற்றி பெடலை ஒருதரம் பலமாக மிதிக்கச் சொல்லுங்கள், சூ தன் இடத்தில் அமரும். திரும்பவும் சுற்றிப் பாருங்கள். இலேசாக உரஞ்சும் சத்தம் இருக்கலாம், பிடிப்பு இருக்கக் கூடாது.

இந்த இடத்தில் பலர் விடுகிற பிழை, இரண்டு ஸ்குறூவில் கண்ணில் பட்ட ஒன்றை மட்டும் திருகிவிட்டுப் பூட்டுவது. ட்ரம்மை அரைச் சுற்று சுற்றினால்தான் மற்றது வரும். ஒரு சூ இறுக்கம், ஒரு சூ தளர்வு என்று விட்டால் இழுவை முன்பை விட மோசமாகும்.

ஸ்குறூ எவ்வளவு சுற்றியும் இறுகவில்லை என்றால் சூவில் ஒட்டியிருக்கிற உராய்வுப் பட்டையான லைனர் தேய்ந்து முடிந்திருக்கிறது, அல்லது சூ முனைக்கும் பிஸ்டனுக்கும் இடையில் இருக்க வேண்டிய சின்ன மூடி விழுந்துவிட்டது. ட்ரம்மைக் கழற்றாமல் அது தெரியாது.

எத்தனை தரம் மிதித்தாலும் ஒரே பக்கம் ஒரே அளவு இழுக்கிறது

எங்கள் காரின் நோய் இது. நேரம் எடுப்பதும் இதுதான், அதனால் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்கிறேன்.

இழுக்காத பக்கத்து முன்சில்லைக் கழற்றுங்கள். ட்ரம்மை இரண்டு ஸ்குறூதான் பிடித்திருக்கின்றன. அரைநூற்றாண்டுத் துரு இருந்தால் ஸ்குறூ ட்றைவரை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருகுங்கள், தலை தேயாமல் கழரும். ட்ரம் வராவிட்டால் அட்ஜஸ்ரரை, அதாவது மேலே சொன்ன துளைக்குள் தெரிகிற ஸ்குறூவைத் தளர்த்துங்கள். உள்ளே இருக்கிற கறுப்புத் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனரில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும். நுண்தூசியைத் தடுக்கிற முகமூடி போட்டு (வெறும் துணி போதாது), தண்ணீரால் நனைத்த சீலையால் துடைத்து, அந்தச் சீலையைப் பையில் கட்டி எறியுங்கள்.

முதலில் கண்ணால் பாருங்கள். சூ நனைந்திருக்கிறதா? பிறேக் ஒயில் மெல்லியதாக, கைக்கு வழுவழுப்பாக இருக்கும், பூச்சைக் கரைத்திருக்கும். கிறீஸ் தடித்துக் கறுத்திருக்கும், அது ஹப் சீல் வழியாக வந்தது. பேரிங்குக்கு அளவுக்கு மிஞ்சிக் கிறீஸ் அடைத்தவர்களின் கைவேலை அது. லைனர் சற்று ஈரமானால் ஒட்டிப் பிடித்திழுக்கும், நன்றாக ஊறினால் வழுக்கும். அதனால் ஒயில் பட்ட சில்லுக்கு மட்டும், இழுக்கிற பக்கம் நல்ல பக்கம் என்ற விதி பொய்த்துப் போகலாம். ஊறிய லைனரைப் பெற்றோலில் கழுவி வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடலாம் என்பார்கள். போடாதீர்கள். சூடேற உள்ளே இருப்பது மேலே வரும். கசிவை நிறுத்தி, இரண்டு பக்கத்துச் சூவையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் புது லைனர் போட்டால் இன்னொரு இழுவையை நீங்களே பூட்டுகிறீர்கள்.

ஈரம் இல்லை, லைனரும் இருக்கிறது. இனிச் சிலிண்டர். ட்ரம் கழற்றியபடியே, ஒருவரை பெடலை மிக மெதுவாக, ஓரங்குலத்துக்கு மேல் போகாமல் அழுத்தச் சொல்லுங்கள். அழுத்தம் கூடினால் பிஸ்டன் தெறித்து வெளியே வந்துவிடும், அதனால் நீங்கள் கை காட்டினால் உடனே விட வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். ஒரு சூ அசைவது தெரியும். அதைக் கண்டு திருப்திப்பட்டு எழும்பாதீர்கள். நான் எழும்பியிருப்பேன், பாஸ் விடவில்லை. "ஒண்டு அசையுது, மற்றது?" என்றார். அசைகிற சூவை ஒரு பெரிய ஸ்குறூ ட்றைவரால் நெம்பித் தடுத்து வைத்துக்கொண்டு திரும்ப அழுத்தச் சொன்னார். ஒயிலுக்குப் போக வேறு வழியில்லை, மற்றப் பிஸ்டனைத்தான் தள்ள வேண்டும். அது அசையவே இல்லை.

ஒரு சில்லுக்குள் இரண்டு சிலிண்டர் இருந்து ஒன்று செத்தால், அந்தச் சில்லு பாதிப் பலத்தில் பிடிக்கும். பெடல் கல்லுப் போல இருக்கும், கார் நிற்கும், ஒயில் ஒழுகாது, வெளியில் எதுவும் தெரியாது. இழுக்க மட்டும் செய்யும்.

இறுகியதற்குக் காரணம் அநேகமாக ஈரம். பிறேக் ஒயில் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஓடாமல் நிற்கிற காரில் அந்த ஈரம் சிலிண்டரின் உட்சுவரை அரிக்கும். யாழ்ப்பாணத்துக் கார்களுக்கு வெளியிலிருந்து உப்புக் காற்றும் சேர்கிறது. திருமணத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுக்கிற கார்களில்தான் இதை அதிகம் காணலாம். தினமும் ஓடுகிற காருக்கு இவ்வளவு சீக்கிரம் வராது.

இறுகிய பிஸ்டனைக் கழற்றி உட்சுவரை விரலால் தடவுங்கள். வழுவழுப்பாக இருந்தால் கழுவி, புது றப்பர் போட்டுப் பூட்டலாம். நகத்தில் தட்டுகிற பள்ளம் இருந்தால் சிலிண்டரை மாற்றத்தான் வேண்டும். உப்புத்தாளால் உரஞ்சி ஓட்டுவது சில மாதத்துக்குத் தாங்கும், பிறகு ஒழுகும். கழுவுவதற்குப் பெற்றோல், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம், பிறேக் ஒயிலாலேயே கழுவுங்கள். மண்ணெண்ணெய் பட்ட றப்பர் வீங்கும். யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் சில துளி பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடியதைக் கண்ட தலைமுறை எங்களுடையது. எஞ்சின் மன்னித்தது, பிறேக் றப்பர் மன்னிக்காது. இஞ்சின் ஒயிலும் அப்படித்தான். யாரோ அவசரத்துக்கு மாஸ்ரர் சிலிண்டருக்குள் அதை ஊற்றியிருந்தால் காரிலுள்ள எல்லா றப்பரையும் ஹோஸையும் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

சிலிண்டர் இரண்டும் நன்றாக அசைந்தால்? அந்தச் சில்லின் ஹோஸைச் சந்தேகியுங்கள். வெளியே புதிது போல் இருந்தாலும் உட்சுவர் வீங்கி, துளை ஊசி அளவுக்குச் சுருங்கியிருக்கலாம். இரண்டு சிலிண்டரையும் இணைக்கிற சின்னக் குழாய் பின்பக்கத் தகட்டில் ஓடுகிறது, அதையும் கழற்றி ஊதிப் பாருங்கள். ஹோஸ் பழசு என்றால் சோதிப்பதில் காலத்தைக் கழிக்காமல் இரண்டு பக்கமும் புதிது போடுங்கள். விலை பெரிதில்லை.

சூ சரியாகப் பூட்டியிருக்கிறதா என்பதையும் இந்த நேரத்திலேயே பாருங்கள். ஒவ்வொரு சூவின் ஒரு முனை பிஸ்டனில் இருக்கும், மறுமுனை எதிர்ச் சிலிண்டரின் மூடிய முதுகில் முட்டி நிற்கும். ஸ்பிறிங் இரண்டும் ஒரே வகை, சரியான துளையில் கொளுவியிருக்க வேண்டும். நல்ல பக்கத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது எந்தப் படத்தையும் விட மேல். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் பிரித்துப் போடாதீர்கள், ஒன்று கண்முன்னே பூட்டியபடி இருக்கட்டும்.

மிதித்ததை விட்ட பிறகும் இழுக்கிறது

காலை எடுத்த பிறகும் ஒரு சில்லு பிடித்துக்கொண்டிருக்கிறது, கொஞ்ச தூரம் ஓடினால் அந்த ட்ரம் கொதிக்கிறது. இங்கே கார் இழுக்கிற பக்கமே குற்றவாளி.

ஒரே ஒரு சோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடும். சில்லு இறுகி நிற்கும் நிலையிலேயே ஜக்கில் ஏற்றி, அந்தச் சில்லின் காற்றெடுக்கும் நிப்பிளை அரைச்சுற்றுத் தளருங்கள். ஒயில் பீறி வந்து சில்லு விடுபட்டால், அழுத்தம் உள்ளே அடைபட்டிருந்தது. ஒரு சில்லு மட்டும் என்றால் அதன் ஹோஸ் உள்ளே சிதைந்து, ஒயிலைப் போக விட்டு வர விடாமல் தடுக்கிறது. எல்லாச் சில்லும் பிடித்திருந்தால் மாஸ்ரர் சிலிண்டரின் திரும்பு துளை அடைபட்டிருக்கலாம், அல்லது பெடலில் இருக்க வேண்டிய சின்ன வெற்றசைவு இல்லாமல் யாரோ இறுக்கிவிட்டிருக்கிறார்கள்.

நிப்பிளைத் தளர்த்தியும் சில்லு விடுபடவில்லை என்றால் ஒயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிஸ்டன் வெளியே வந்த இடத்தில் இறுகியிருக்கிறது, சூ தகட்டில் மாட்டியிருக்கிறது, அல்லது ஸ்பிறிங் சோர்ந்திருக்கிறது. பின்சில்லு என்றால் ஹான்ட் பிறேக் கேபிளையும் பாருங்கள். இரண்டு கேபிள், ஒன்று இறுகிப்போனால் ஒரு பின்சில்லு மட்டும் பிடித்தபடி ஓடும்.

மாஸ்ரர் சிலிண்டர்தான் என்று முடிவாகிவிட்டால் ஒரு எச்சரிக்கை. அதன் போல்ட்டுகளுக்கு அருகால், முன்சில்லுக்கு ஸ்பிறிங்காக வேலை செய்கிற முறுக்குக் கம்பியான டார்ஷன் பார் ஓடுகிறது, அதை இறக்காமல் போல்ட் வெளியே வராது. டார்ஷன் பாரில் அந்தப் பக்கத்து முன்பாரம் முறுகி நிற்கிறது. அனுபவம் இல்லாதவர்கள் தனியாகச் செய்யாதீர்கள். திரும்பப் பூட்டும்போது போல்ட்டுகளை எதிர்ப்பக்கமாகப் போட்டுவிட்டால் அடுத்த தரம் பாரைத் தொடாமலே கழற்றலாம்.

ஒருதரம் இடம், ஒருதரம் வலம்

பிறேக்கை விடுங்கள். காருக்குக் கீழே படுங்கள்.

மைனரின் முன்சில்லைத் தாங்குகிற கீழ்க் கையிலிருந்து முன்னோக்கி ஒரு கம்பி சட்டத்துக்குப் போகிறது. பிறேக் பிடிக்கும்போது சில்லு பின்னுக்குப் போகாமல் பிடித்து வைப்பது அதுதான். அதன் முனையில் இருக்கிற றப்பர் புஷ் நைந்து போயிருந்தால் மிதிக்கும் ஒவ்வொரு தரமும் சில்லு சற்றே பின்னுக்கு நகரும், கார் எந்தப் பக்கம் போக நினைக்கிறதோ அந்தப் பக்கம் போகும். ஒருவர் காரை மெல்ல நகர்த்தி பிறேக் பிடிக்க, நீங்கள் பக்கத்தில் குந்தியிருந்து சில்லைப் பாருங்கள். மட்கார்டுக்கும் ரயருக்கும் இடையே உள்ள வெளி பிறேக் பிடிக்கும் கணத்தில் மாறினால் புஷ்தான். விலை குறைந்த சாமான், மாற்ற அரை நாள்.

இதே நேரம் சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஹப் பேரிங், அல்லது சில்லு திரும்புவதற்கு மேலும் கீழும் இருக்கிற மரை வெட்டிய மூட்டான ட்றணியன். ட்றணியனில் ஆட்டம் என்றால் இழுவையை மறந்துவிட்டு அதை முதலில் செய்யுங்கள். கிறீஸ் காணாமல் மரை தேய்ந்தால் ஒருநாள் சில்லு சாய்ந்து கார் மூக்குக் குத்தும். இந்தக் காரைப் பற்றிய பயங்கரக் கதைகளில் பாதி அதுதான், அவை உண்மையும் கூட.

முன்னால் ஒன்றும் இல்லை என்றால் பின் ஸ்பிறிங் தகடுகளைப் பிடித்திருக்கிற யூ போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள். தளர்ந்தால் பின் அச்சே திரும்பும்.

முன்பக்கம் நேராக, வால் மட்டும் ஒதுங்குகிறது

ஸ்ரியறிங் கையில் இழுவை தெரியாது, ஆனால் கார் குறுக்காகப் போகிற மாதிரி இருக்கும். மழை ஈரத்தில் நன்றாகத் தெரியும். பின்சில்லுகளில் ஒன்றுக்கு ஒயில் பட்டிருக்கிறது. இங்கே பிறேக் ஒயிலை விடப் பின் அச்சுக்குள் இருக்கிற டிபரன்சல் ஒயில்தான் அதிகம் வரும். ஹப் சீலை மாற்ற முன் அச்சின் மேல் இருக்கிற மூச்சுத் துளையில் மண் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் சூடேறும் காற்று வேறு வழியில்லாமல் சீல் வழியாக ஒயிலைத் தள்ளும், புதுச் சீலும் இரண்டு மாதத்தில் ஒழுகும். இன்னொன்று, பின் வீல் சிலிண்டர் தகட்டில் நழுவி அசைகிற வகை. துரு பிடித்து நழுவாமல் நின்றால் இரண்டு சூவில் ஒன்றுதான் வேலை செய்யும்.

காலையில் இழுக்கிறது, பிறகு சரியாகிவிடுகிறது

கார்த்திகை மார்கழியில் எல்லா மைனரும் செய்யும். ட்ரம்மில் இரவு பிடித்த துரு. நாலைந்து தரம் மெல்லப் பிடித்து விட்டால் போய்விடும். வெள்ளத்துக்குள்ளால் ஓடினாலும் இதே கதைதான். பத்து நிமிடத்துக்குப் பிறகும் போகாவிட்டால் மேலே சொன்னவற்றில் ஒன்று.

ஊருக்குள் நேராக நிற்கிறது, மலையில் இழுக்கிறது

எங்கள் மண் மட்டம். பிறேக் நன்றாகச் சூடேற இங்கே வாய்ப்பில்லை. கண்டிக்குப் போய்க் கடுகண்ணாவை மலைப்பாதையில் இறங்கும்போதுதான் சில கார்களின் குணம் வெளிவரும். குளிரில் நேராக நின்று சூட்டில் இழுத்தால் ட்ரம் வட்டம் கெட்டிருக்கலாம், பெடல் காலடியில் துள்ளுவது அதற்கு அடையாளம். இரண்டு பக்கமும் வேறு வேறு கடையில் ஒட்டிய லைனர் என்றாலும் இப்படித்தான். ட்ரம் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் பூட்டுங்கள், இரண்டிரண்டு ஸ்குறூதானே. இழுவை பக்கம் மாறினால் ட்ரம்மைக் கடைச்சலுக்குக் கொடுங்கள், இரண்டையும் ஒரே அளவுக்கு. மாறாவிட்டால் லைனர். 1962க்குப் பிறகு வந்த 1098 சிசி கார்களுக்கு முன் ட்ரம் 8 அங்குலம், அவற்றுக்கு இந்தத் தொல்லை சற்றுக் குறைவு. ஒருவர் தன் காரில் ஒரு பக்கம் 7, மறுபக்கம் 8 பூட்டி ஓடினார். இழுக்கிறது என்று என்னிடம் வந்து கேட்டார்.

புதுச் சூ போட்ட மறுநாளே இழுக்கிறது

புது லைனர் ட்ரம்மோடு பொருந்த நாளெடுக்கும். சில நூறு கிலோமீற்றர் ஓடிவிட்டு அட்ஜஸ்ரரைத் திரும்பவும் திருகுங்கள். அதற்குப் பிறகும் இழுத்தால், பூட்டும்போது லைனரில் கிறீஸ் கை பட்டதா, சூ தலைகீழா என்று பாருங்கள். எங்கள் பகுதியில் ஒரு கராஜில் வேலை செய்த கார் இப்படி வந்தது. வலப்பக்கம் ஒரு சூவில் ஸ்பிறிங்கே இல்லை.

இந்த இழுவைக்கெல்லாம் டிஸ்க் பிறேக் போட்டால் தீர்ந்துவிடும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நைந்த புஷ்ஷும் இறுகிய ஹோஸும் டிஸ்க்கிலும் இழுக்கும். முதலில் நோயைப் பிடியுங்கள், பிறகு ஆசைப்பட்டால் டிஸ்க் போடுங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு

ஹோஸோ சிலிண்டரோ கழற்றியிருந்தால், ஒயிலுக்குள் புகுந்த காற்றை நிப்பிள் வழியாக எடுக்க வேண்டும். மாஸ்ரர் சிலிண்டருக்குத் தூரமான சில்லிலிருந்து தொடங்குங்கள். வலப்பக்கம் ஸ்ரியறிங் உள்ள எங்கள் கார்களில் இடது பின், வலது பின், இடது முன், வலது முன். தொடங்க முன் எல்லா அட்ஜஸ்ரரையும் இறுக்கி ட்ரம்மைப் பூட்டிவிடுங்கள். பிஸ்டன் அசைய இடமில்லாததால் காற்று விரைவில் வெளியேறும், பெடலும் உடனே கெட்டியாகும். முடிந்ததும் ஒவ்வொன்றையும் ஒரு "டிக்" தளர்த்த மறக்காதீர்கள். நான் ஒருமுறை மறந்து, வளவுக்குள் காரைத் தள்ளக்கூட முடியாமல் நின்றேன்.

காற்றெடுக்கும்போது குப்பிக்குள் வந்த பழைய ஒயிலைத் திரும்ப ஊற்ற வேண்டாம். நடுவில் மாஸ்ரர் சிலிண்டர் வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும், அதனால் ஒவ்வொரு சில்லுக்கும் பிறகு கம்பளத்தை விலக்கி மட்டத்தைப் பாருங்கள். கடைசியில் மூடியை இறுக்கி, தரைத் தகட்டின் மூடியையும் போட்டு, கம்பளத்தை விரித்துவிட்டு, திரும்பவும் அதே வளவு, அதே முப்பது கிலோமீற்றர். இந்த முறை இறங்கியதும் நான்கு ட்ரம்முக்கும் புறங்கையைக் காட்டுங்கள்.